வாசலில் மூன்றடி மண்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே க்ளென் வீட்டு வாசலில் கொத்தனார் சிமெண்ட் குழைக்க ஆரம்பித்துவிட்டார். மர்பி டவுனின் அந்தச் சந்தில் அந்நேரத்தில் பால்காரரும் பேப்பர்காரரும் மட்டும்தான் நடமாடுவார்கள். நாலு பேர் எழுந்து வருவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்பது க்ளென்னின் கணக்கு. கையைப் பிசைந்துகொண்டு சந்தின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்த மண்ணு மேலயா போடணும்? போன மாசம்தானே கவர்மெண்ட் ஆளுங்க சிமெண்டை உடைச்சி இதைப் போட்டாங்க?” கொத்தனாருக்கே மனசு கேட்கவில்லை.

“போடுப்பா. நாளை விட்டு அடுத்த ஞாயிறு பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பட்டுப்புடவையோட சேத்துலயா இறங்குவாங்க? ஃபங்ஷன் முடிஞ்சதும் உடைச்சிடலாம்.”

உடைப்பாராம்! அப்படிச் சொல்லிவிட்டு உடைத்த மனிதர் ஒருவரை யாராவது காட்டுங்கள், மாலை போடலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மண்ணை அந்தச் சந்துக்குக் கொண்டுவந்தவரே க்ளென்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமை எழுத்தர் வேலை. மனு எழுதுவதில் மன்னன். பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்க அரசு பொது முதலீட்டு நிதி ஒன்றைத் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்ததும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஏழு மாதம் அலைந்தார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். சாப்பிடப் போனால் முறை தவறிவிடும் என்று தன் சாப்பாட்டை விட்டுவிட்டு நின்றார். மனைவி டீனாவே ஒரு நாள், “அந்த ஆபீஸ்லயே பாய் போட்டுப் படுத்துக்கோங்க, நான் டிபன் அனுப்புறேன்” என்று கேலி செய்தாள்.

நிதியின் ஏற்பாடு எளிமையானது. முதல் கட்டத்தில் சந்தின் இரு பக்கமும் பழைய சிமெண்டை எடுத்துவிட்டு, மூன்றடி அகலத்துக்கு மண்ணும் சரளையும் போட்டு, நடுநடுவே மழைநீர் இறங்கும் குழிகள் தோண்டி, புங்கங்கன்றுகள் நடுவார்கள். மழை பூமிக்குள் போகும், சந்தில் வெள்ளம் குறையும், கோடையில் போர்வெல்லும் வற்றாது. முதல் மழையில் அது ஒழுங்காக வேலை செய்தால் இரண்டாம் கட்டமாகச் சந்தின் தாழ்ந்த முனையில் மழைத்தண்ணீர் வடியும் பழைய ராஜகால்வாயைச் சீர் செய்வார்கள். வேலை செய்யவில்லை என்றால் மிச்சப் பணம் வேறொரு பேட்டைக்குப் போய்விடும். மக்களுடைய பணம், வீணாகும் இடத்தில் அதை மேலும் மேலும் கொட்ட முடியாது அல்லவா?

அந்தத் தாழ்ந்த முனையில்தான் ஜகதாம்பாளின் வீடு இருந்தது. கணவர் போன பிறகு, ஆபீஸ்களுக்குக் காலை டிபன் போட்டுக் கொடுத்து இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். ஒவ்வொரு பெருமழைக்கும் சந்தின் தண்ணீர் முழுவதும் அவர் வீட்டு வாசற்படி ஏறும். கால்வாய் சரியானால்தான் அவருக்கு விடிவு. “இன்னும் ஒரு வருஷம் பாப்பேன் தம்பி. இல்லன்னா வீட்டை வந்த வெலைக்குக் குடுத்துட்டு பெரியவ வீட்டுல ஒரு மூலையில போய் உக்காந்துக்குறேன்” என்று க்ளென்னிடம் சொல்லியிருந்தார். அவர் முகத்தை நினைத்துத்தான் க்ளென் அத்தனை படி ஏறினார். அதுவும் உண்மை. இப்போது சிமெண்ட் போடுவதும் உண்மை. மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறோம், என்ன செய்வது?

நிச்சயதார்த்தம் ஜாம் ஜாமென்று நடந்தது. ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் செருப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. “வாசலே பளிச்சுன்னு இருக்கு” என்று சம்பந்தியம்மா வேறு சொல்லிவிட்டார். க்ளென்னுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் எதிர்வீட்டு ப்ரஹ்லாத் வந்தார்.

“என்ன பிரதர், செக்ரட்டரியே போட்டுட்டீங்க! நல்லதாப் போச்சு. எனக்கும் வண்டி நிறுத்த பேஜாரா இருந்துச்சு. அந்தக் கொத்தனார் நம்பர் குடுங்க.”

இல்லை என்று சொல்ல வாய் வேண்டுமே! க்ளென் நம்பரைக் கொடுத்தார். பிறகு ப்ரஹ்லாத்துக்குப் பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு. ஒருவர் ஸ்கூட்டர் நிறுத்த, ஒருவர் கோலம் போட, ஒருவர் இலைக் குப்பை சேர்கிறது என்று. எல்லாரும் தண்ணீர் தங்கள் வீட்டுப் பக்கம் வராதபடி சந்தை நோக்கிச் சரிவு கொடுத்துப் பூசிக்கொண்டார்கள். குழிகளின் வாயும் அதில் அடைபட்டுப் போயிற்று. செயலாளர் பார்த்தும் பாராதவராகத் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய் வந்தார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, மாலை நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து ஆலங்கட்டியோடு கொட்டியது. அரைமணி நேர மழைதான். ஆனால் சந்தில் விழுந்த தண்ணீருக்கு இறங்க ஓர் அங்குல மண் கிடைக்கவில்லை. மொத்தமும் சறுக்கிக்கொண்டு தாழ்ந்த முனைக்கு ஓடியது. முன்பெல்லாம் வாசற்படியோடு நின்ற தண்ணீர், இந்த முறை ஜகதாம்பாளின் வீட்டுக்குள் முழங்கால் வரை ஏறிவிட்டது.

க்ளென் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். உள்ளே அரிசி மூட்டைகள் ஊறிப் போயிருந்தன. கிரைண்டர் பாதி முங்கி நின்றது. ஜகதாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். க்ளென்னும் ஒரு குண்டானை எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மொண்டு ஊற்றினார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்த ஜகதாம்பாள், க்ளென்னின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

“நீ ஏன் தம்பி அழுவுற? நீ எங்களுக்காக எவ்வளவு அலைஞ்சேன்னு எனக்குத் தெரியாதா? அந்த இன்ஜினியர்தான் ஏதோ அரைகுறையா செஞ்சிட்டுப் போயிருக்கான்.”

“அக்கா...”

“எம்மேல தப்பு இருக்கக்கூடாதுன்னு பாத்துக்கிட்டேன் தம்பி. எல்லாரும் சிமெண்ட் போட்டாங்க. நீ ஃபங்ஷனுக்காகப் போட்டதை அப்பவே உடைச்சிருப்பே. எம் பொண்ணு கூட, ‘நீயும் போட்டுக்கோம்மா’ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். மண்ணைத் தொறந்து வையுங்கக்கா, தண்ணி எறங்கணும்னு நீதானே சொன்ன? அந்த மண்ணுல நான் காலு கூட வைக்கல.”

க்ளென்னுக்கு யாரோ செருப்பால் அடித்தது போல இருந்தது. வெளியே எட்டிப் பார்த்தார். சந்திலேயே ஜகதாம்பாள் வீட்டு வாசலில் மட்டும் மூன்றடி மண் அப்படியே இருந்தது. ஒரே ஒரு வாசல் மண் எத்தனை வீட்டுத் தண்ணீரைத்தான் குடிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் க்ளென் வீட்டு முன்னால் சங்கக் கூட்டம் கூடியது. நிதி அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஸ்ரீகண்டன் ஆய்வுக்கு வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் சின்னக் குங்குமம், கையில் அளவு நாடா. அவரைக் கண்டதும் ஆளாளுக்குப் பாய்ந்தார்கள்.

“எவ்வளவு சார் அடிச்சீங்க இதுல?”

“சரளை போட்டேன்னு சொல்லிட்டு வெறும் மண்ணைக் கொட்டியிருப்பாரு!”

“கவர்மெண்ட் வேலைன்னாலே இவ்ளோதான். சும்மனே டிராமா!”

ஸ்ரீகண்டன் சந்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் வாடிப்போயிருந்தது.

“நான் கத்தி என்ன பிரயோஜனம்? ரிப்போர்ட்ல காரணம் எழுதுற எடத்துல உங்க செக்ரட்டரியும் கையெழுத்துப் போடணும். வேலை சரியில்லைன்னு நீங்க எழுதுனா எம்மேல விசாரணை வரும். ரெண்டாவது கட்டம் இங்க வராது. வேற காரணம் இருந்தா அதை எழுதுங்க. சரி பண்றதுக்கு ஒரு மாசம் டைம் குடுப்பாங்க.”

“காரணம் என்ன சார் காரணம்? மட்டமான வேலை! பிரதர், நல்ல இங்கிலீஷ்ல நாலு வரி போட்டு விடுங்க” என்றார் ப்ரஹ்லாத்.

எல்லாருக்கும் முன்னால் வந்தவர் ஜகதாம்பாள்தான். “தம்பி, மொத ஆளா நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்” என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.

க்ளென் பேனாவைக் கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் நின்ற மகளையும் டீனாவையும் ஒருமுறை பார்த்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம். சம்பந்தி காதுக்குப் போகும், ஊரே சிரிக்கும், எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயைத் திறந்தார்.

“வேலையில குத்தம் இல்லை. நாமதான் மூடினோம். முதல்ல மூடினவன் நான்.”

முதலில் சத்தம் வந்தது ப்ரஹ்லாத்திடமிருந்துதான். “யோவ் பிரதர், நீங்க மாட்டுறதோட எங்களையும் சேத்து மாட்டி விடுறீங்களா?”

“இல்ல ப்ரஹ்லாத். நான் போட்டதைப் பாத்துத்தான் நீங்க எல்லாரும் போட்டீங்க. உங்களைக் கேக்க எனக்கு வாயில்லாமப் போச்சு. கவர்மெண்ட் பணம், கவர்மெண்ட் பணம்னு சொல்றோமே, அது யார் பணம்? நாம தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி கட்டுறோம். அது சேந்துதான் இந்த மண்ணா வந்து நம்ம வாசல்ல கெடந்துச்சு. அதுல ரெண்டு மூட்டை சிமெண்டைக் கொட்டிட்டு, இப்ப இந்த மனுஷனைத் திருடன்னு சொல்றோம். நாம என்ன?”

சிலர் தங்கள் வாசலைப் பார்த்தார்கள், சிலர் வானத்தைப் பார்த்தார்கள். ஸ்ரீகண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்குக் கிடைத்தது மரியாதை மட்டுமா, வேலையே தப்பியது.

ஜகதாம்பாள் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். அவர் பார்வை க்ளென்னை விட்டு அகலவில்லை.

“அப்போ எம் வீட்டுக்குள்ள வந்தது உன் வீட்டுத் தண்ணியா தம்பி?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கு எங்கூட உக்காந்து மொண்டு ஊத்துனியே. அப்ப ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சுக்கா. உங்க முகத்தைப் பாத்துச் சொல்ற தைரியம் வரல. மன்னிச்சிடுங்க.”

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஊறிப்போன அரிசியும் ஓடாத கிரைண்டரும் அவருக்குத்தானே தெரியும்! க்ளென் அறிக்கைத் தாளை வாங்கி, ‘குடியிருப்போர் மண்பகுதியை மூடிவிட்டதே காரணம், முதலில் மூடியவன் நான், ஒரு மாதத்துக்குள் நாங்களே சரி செய்து தருவோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பின்கட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலி பிடித்துப் பழகிய உடம்பு. நாலு குத்திலேயே மூச்சு வாங்கியது. சிமெண்டில் ஒரு விரிசல் கூட விழவில்லை.

கூட்டம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது குத்துக்கு ஓங்கும்போது, ப்ரஹ்லாத் முணுமுணுத்துக்கொண்டே வந்து, “குடுங்க பிரதர், உங்களால ஆகாது. கடப்பாரையைப் பிடிக்கவே தெரியல” என்று அதைப் பிடுங்கினார். “இது முடிஞ்சதும் எம் வாசலுக்கு நீங்க வரணும், சொல்லிட்டேன்!”

முதல் பாளம் பெயர்ந்து வந்தபோது, க்ளென் குனிந்து அதைத் தூக்க முடியாமல் தடுமாறினார். மறுபக்கம் இன்னொரு கை வந்து பிடித்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜகதாம்பாள்.

“எம் மனசு இன்னும் ஆறல, அது வேற. அது ஆறும்போது ஆறட்டும்” என்றார் அவர், பாளத்தை ஓரமாக இறக்கி வைத்தபடி. “ஒண்ணு மட்டும் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கோங்க. கவர்மெண்ட் நம்ம பணத்தைப் போட்டு நமக்கே தெருவைச் சீர் பண்ணிக் குடுக்கும். ஆனா நம்ம வாசல் தண்ணி அடுத்தவங்க வீட்டுக்குள்ள போகுமேங்கிற நெனப்பு இருக்கே, அது நமக்கா வரணும். அதுக்கு எந்த நிதியிலயும் பணம் ஒதுக்க மாட்டாங்க.”