கோட்டுக்கு வலப்பக்கம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 1995-ல் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். மணமக்கள் மேடையேறிக் கைதட்டல் அடங்கிய பிறகு ஒருவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. என் முன்னால் இருந்த ஆரஞ்சுத் தண்ணியை, அது என்னுடையது என்றுகூடப் பார்க்காமல், எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு மேடையோரம் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி, "அது என் வைஃப்," என்றார்.

"நல்லா வாசிச்சாங்க," என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் பெயர் இராதாகிருஷ்ணன். மனைவி சந்திரகலா. அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போய், காப்பி குடித்து, பேசிப் பேசித்தான் இது எனக்குக் கிடைத்தது. இருவரும் சொன்னது சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. அந்த இடங்களை நான் ஒட்டவில்லை. [ஒட்டிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது.]

2

தொடங்குவதில்தான் தகராறு. முதலில் இப்படி எழுதினேன்:

"சந்திரகலாவின் விரல்கள், கிளையில் வந்து உட்காரும் பறவைகளைப் போல—"

படித்துக் காட்டியபோது அவர் தம் கையைத் திருப்பிப் பார்த்தார். "பறவையா? ஃபேக்டரியில ஈயம் வச்சு ஒட்டுன கை டீச்சர் இது. வேற ஏதாச்சும் போடுங்க."

அடுத்தது: "விதி அந்தக் குடும்பத்தின் மீது". இதை முடிக்கவே இல்லை.

இன்னொரு சிக்கல். இருவரையும் 'அவர்' என்று எழுதினால் யார் எதைச் செய்தது என்று குழம்புகிறது. கலாவை மட்டும் 'அவள்' ஆக்கலாமா என்று கேட்டேன். "அப்ப இவர 'அவன்'னு போடுங்க. நியாயமா இருக்கும்," என்றார். கணவர் மறுக்கவில்லை. ஆகவே இனி அவன், அவள்.

3

சந்திரகலா பகலில் சுங்கை வேயில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். சனி, ஞாயிறு என்றால் இசைக்குழு. கல்யாண விருந்துகளில் மணமக்கள் மண்டபத்துக்குள் நடந்துவரும்போது வாசிப்பது அவள்தான். இராதாகிருஷ்ணன் ஆபீஸ் ஆபீஸாகப் போய் போட்டோஸ்டாட் மிஷின் பழுது பார்ப்பவன். இசை தெரியாது. கீபோர்டைத் தூக்கிக் காரில் வைப்பான், இறக்குவான், ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டுவான்.

பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் இருக்கும் கலாவின் அக்கா வள்ளியம்மாவின் மகள் தனலெட்சுமி பள்ளி விடுமுறை எல்லாம் இவர்கள் வீட்டில்தான் கழித்தாள். சித்தியோடு விருந்துகளுக்குப் போய், கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்ற பெண்கள் நடந்து வருவதைப் பார்த்தே வளர்ந்தவள். "எனக்கு இந்தப் பாட்டு வேணாம் சித்தி. யாருக்குமே வாசிக்காத பாட்டு வேணும்," என்பாள். சித்தி ஒன்றைக் கட்டினாள். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். அதைத் தனத்தைத் தவிர வேறு யாருக்கும் வாசிக்கவில்லை.

பிறகு கலாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. நாற்பது வயது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே கையிலிருந்து சாமான் நழுவியது என்கிறாள் அவள். இல்லை, காலையில் தலை சீவும்போதே சீப்பு விழுந்தது, தான் கவனிக்கவில்லை என்கிறான் அவன்.

கால் சரியானது. பேச்சு சரியானது. வலது கை கடைசியாக, மெதுவாக வந்தது. கரண்டி பிடிக்கும், பொத்தான் போடும். ஆனால் மனசு சொன்ன நேரத்துக்கு விரல் போவதில்லை. கொஞ்சம் கழித்துப் போகும். கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போனது. இசைக்குழுவுக்கு வேறு ஆள் வந்தார்.

4

தனத்துக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் இராதாகிருஷ்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்தான். அதில் பாட்டுப் பதிவு செய்யும் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்துவிட்டால், வாசிப்பது அப்படியே திரையில் ஏறும்.

"மண்டபத்துல போய் வாசிக்க வேணாம். தனத்தோட பாட்ட இங்கயே வாசி. நான் பதிஞ்சு எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

"கை வராது."

"வர்ற வரைக்கும் வாசி லா. யார் கேக்கப் போறா, நான் மட்டுந்தானே."

அவள் உட்கார்ந்தாள். திரையில் தாளத்துக்கு ஒன்றாக நெட்டுக்கோடுகள். வாசித்த ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னக் கட்டையாக விழும். நேரத்துக்கு வாசித்தால் கட்டை சரியாகக் கோட்டில் தொடங்கும். இடது கையின் கட்டைகள் எல்லாம் கோட்டில் நின்றன. வலது கையின் கட்டைகள் எல்லாம் கோட்டைத் தாண்டி, வலப்பக்கம் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன.

அவன் அதைத் திரும்ப ஓடவிட்டான். கலா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதுதான் நான் வாசிச்சதா?"

வாசிக்கும்போது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. விரலை நகர்த்துவதிலேயே முழு மனசும் போய்விட்டது, காதுக்கு மிச்சம் இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நேரத்தில் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள்.

"மிஷின் கோளாறு கலா," என்றான் அவன். "கேபிள் பழசு. லேட்டா கொண்டு போவுது. நீ சரியாத்தான் வாசிச்ச."

"மெய்யாவா?"

"மிஷின் பத்தி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் புதுக் கேபிள் வாங்கி வந்தான். அவள் வாசித்து முடித்துச் சமைக்கக் குசினிக்குப் போன நேரத்தில் 'குவான்டைஸ்' என்ற கட்டளையை அழுத்தினான். கட்டைகள் எல்லாம் பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொண்டன. ரொம்பத் தாமதமானவை அடுத்த கோட்டுக்குத் தாவிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தான். பாட்டுத் தெரியாதவன், எது எங்கே நிற்க வேண்டும் என்பதை அவளுடைய இடது கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

பிறகு அவளைக் கூப்பிட்டு ஓடவிட்டான்.

அவள் முகத்தைப் பற்றி அவன் என்னிடம் சொன்னதை எழுத மூன்று தடவை முயன்றேன். [அவள் முகம் மலர்ந்தது. / அவள் முகத்தில். / அவள்.] விட்டுவிடுகிறேன். அன்றைக்கு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் தடவையாக.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படியே நடந்தது. அவள் வாசிப்பாள், எழுந்து போவாள், அவன் திருத்துவான்.

5

இந்த இடத்தில் எனக்கு இராதாகிருஷ்ணன் மீது சந்தேகம். இது அன்பா, இல்லை அழுத முகத்தைப் பார்க்கப் பயமா? அவனிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "ரெண்டும்தான். எது எவ்வளவுன்னு தெரியல டீச்சர்," என்றான்.

முதல் பிரதியில், கலாவுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும், கணவனுக்காகத் தெரியாத மாதிரி நடித்தாள் என்று எழுதியிருந்தேன். படிப்பதற்கு அழகாக இருந்தது. அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமா நம்புனேன். கை சரியாயிடுச்சுன்னே நெனச்சேன். தெரிஞ்ச மாதிரி எழுதி என்னைப் பெரிய மனுசி ஆக்காதீங்க."

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

6

கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால் தனலெட்சுமி பத்திரிகை கொண்டு வந்தாள். கலா அவளை உட்காரவைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினாள். தனம் பாட்டு முடியும்வரை அசையவில்லை. பிறகு சித்தியின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ நல்லா வாசிக்கிறீங்க, அப்புறம் எதுக்கு சித்தி டேப்பு? நேர்ல வாசிங்க. நான் நடந்து வரும்போது நீங்க அங்க இருக்கணும்."

கலா சிரித்தாள். "சரி," என்றாள்.

ஒரே வார்த்தை. இராதாகிருஷ்ணன் வாசற்கதவில் சாய்ந்து நின்றிருந்தான். உள்ளே வந்து தடுத்திருக்கலாம். "சித்தப்பா, உங்களுக்கு ஓகேதானே?" என்று தனம் கேட்டாள். "ஓகே," என்றான்.

7

ஒரு வாரம் சொல்லாமல் இருந்தான். கலா இசைக்குழுவுக்குப் போன் செய்து ஸ்பீக்கர் கேட்டதும், புடவைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததும் அந்த வாரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"கலா, கேபிள்ல கோளாறு இல்ல."

"எந்தக் கேபிள்?"

"பழைய கேபிளும் நல்ல கேபிள்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியை வைத்தாள்.

"தெனமுமா?"

"ம்."

"நான் குசினிக்குள்ள போனதும்."

"ம்."

"தனத்துக்கிட்ட நான் சரின்னு சொன்னப்பகூட நீங்க வாய தொறக்கல."

அவன் வெங்காயத் தோல்களை ஒரு பக்கமாகக் கூட்டி வைத்தான்.

"ஸ்ட்ரோக்கு வந்து கை போச்சு. அது யாரு தப்பும் இல்ல," என்றாள். "ஆனா அந்தக் கை எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாம வச்சிருந்தது நீங்க."

கத்தவில்லை. அதனால்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றான். அன்று சமையல் நடக்கவில்லை. இருவரும் கீழே கடைக்குப் போய் ஒரே மேசையில் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டார்கள். ["கோவத்துல தனியா விட்டுட்டுப் போகல, பார்த்தீங்களா," என்றான் அவன். "பசிச்சிச்சு, போனேன்," என்றாள் அவள்.]

8

ரெண்டு நாள் கழித்து அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"திருத்தாதத போடுங்க."

போட்டான். முழுவதும் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

இந்தக் கட்டத்தில் வாசகர் என்ன எதிர்பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். தாமதம்தான் அழகு, பிசகுதான் மனுசத்தனம், திருத்தாததே உண்மையான இசை என்று அவள் சொல்லிவிடுவாள், நாமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்லவில்லை.

"நல்லால்ல," என்றாள். "திருத்தணும். ஆனா நான் திருத்துறேன். எப்படின்னு காட்டுங்க."

மவுசை இடது கையால் பிடித்தாள். அவன் வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு கட்டையாகக் கேட்டுக் கேட்டு நகர்த்தினாள். சிலவற்றைக் கோட்டிலேயே நிறுத்தினாள். சிலவற்றைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தாள். ஒன்றிரண்டை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

"இது ஏன்?" என்று அவன் கேட்டான்.

"ஸ்ட்ரோக்குக்கு முன்னாடியும் நான் இங்க இழுத்துத்தான் வாசிப்பேன்," என்றாள். "நீங்க ஒயரைச் சுருட்டுறதுல கவனிக்கல."

அவன் சிரித்துவிட்டான். அவளும்தான். அந்த வாரத்தில் இருவரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். வலது கையின் பகுதியைக் கம்ப்யூட்டர் வாசிக்கட்டும். இடது கைக்கு ஒன்றும் இல்லை, அது நேரில் வாசிக்கட்டும். தனத்துக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும்.

9

கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுபோனார்கள், நான் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த விருந்துக்கு.

[முதலில் மண்டபத்தில் கரண்டு போய்விட்டதாக எழுதினேன். அது எனக்கு வசதி. ஆனால் கரண்டு போகவில்லை.]

கதவு திறந்தது. இராதாகிருஷ்ணன் பட்டனை அழுத்தினான். வலது கையின் மெட்டு புறப்பட்டது. கலாவின் இடது கை அதோடு சேர்ந்துகொண்டது. தனலெட்சுமி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். எல்லாம் சரியாக இருந்தது, வீடியோக்காரர் பாதி வழியில் கையை நீட்டும்வரை.

"பாஸ், சாரி லா, அப்படியே நில்லுங்க. லைட்டு சரியில்ல."

மணமக்கள் நின்றார்கள். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. யாரும் நடக்காத மண்டபத்தில் மெட்டு ஓடி முடிந்தது. லைட்டைத் திருப்பி வைத்தார்கள். வீடியோக்காரர் கையைக் காட்டினார். தனம் மறுபடி நடக்கத் தொடங்கினாள். பாதி மண்டபம் மிச்சம், சத்தம் இல்லை. அவள் சித்தியைத்தான் பார்த்தாள்.

இராதாகிருஷ்ணன் மறுபடி ஓடவிடப் பட்டனுக்குக் கையைக் கொண்டு போனான். கலா அவனைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள். அவன் கையை எடுத்துவிட்டான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவள் மடியிலிருந்த வலது கையைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்தாள். இரண்டு கையாலும் தொடக்கத்திலிருந்து வாசித்தாள். தனம் சிரித்துக்கொண்டே நடந்து மேடைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் ஏறிய பிறகும் கலா நிறுத்தவில்லை. கடைசிச் சுரம்வரை வாசித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

10

நேரத்துக்கு வாசித்தாளா?

எனக்குத் தாளம் தெரியாது. பஜனையில் நான் கைதட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள். அன்றைக்கு மெட்டுக் கேட்டது, ஒரு பெண் நடந்து போனாள், அவ்வளவுதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

வீடியோவில் பார்க்கலாம் என்று போனேன். வீடியோக்காரர் அந்த இடத்துக்கு மேல் ஒரு சினிமாப் பாட்டை ஒட்டிவிட்டிருந்தார்.

இராதாகிருஷ்ணனிடம் கேட்டேன். "கரெக்டா இருந்துச்சு டீச்சர். ஒரு கட்டைகூடத் தள்ளல," என்றான். நம்பலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவன் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கும் தெரியும்.

கலாவிடம் கேட்டேன். காப்பிக் கோப்பையை வலது கையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் விரலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன், காதுல விழல," என்றாள். "கேட்டவங்க நீங்கதானே. நீங்களே போட்டுக்குங்க."

நான் போடவில்லை. இங்கே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அந்த வலது கையைக் கோட்டில் வைப்பதா, கோட்டுக்கு வலப்பக்கமா என்று, அவளிடம் கேட்காமல், உங்களால் முடிந்தால் நீங்கள் எழுதுங்கள்.

[                                        ]