யாரும் எடுக்காதிருக்க ஒரு பிரார்த்தனை

அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் மூன்று நாட்களில் அது கடைசி நாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் தொலைக்காட்சியை வெளியே இழுத்துப் போட்டிருந்தோம். மேசை முழுக்கச் சோளக்கதிரோடு வேகவைத்த சேற்று இறால்கள் செக்கச்செவேலென்று ஆவி பறக்கக் கிடந்தன. அண்ணன் கீலன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவன் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லை.

கீலன் ரன்னிங் பேக். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்களின் நடுவே புகுந்து ஓடுபவன்.

"என் காலத்துல ஓடுறவனைத்தான் முதல்ல தூக்குவாங்க. இப்போ பந்தை எறியிறவன்தான் ராஜா," என்றார் அல்சீட் மாமா. "ஓடுறவன் கறிவேப்பிலை மாதிரி."

"வாய மூடிக்கிட்டு இறாலைத் தின்னு," என்றாள் அம்மா.

ஒவ்வொரு பெயர் வரும்போதும் அம்மா ஜெபமாலையைப் பிடித்தாள். ஒவ்வொன்றும் வேறு யாருடைய மகனோ.

கைபேசி ஒலித்தது. கீலனின் ஏஜென்ட் மார்சி. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"கீலன், இன்னும் பத்துப் பேரைத்தான் எடுப்பாங்க. இனி உன்னை யாரும் எடுக்காம இருந்தாத்தான் நல்லது. எடுத்துட்டா அந்த அணிக்கே போயாகணும். எடுக்கலைன்னா, இது முடிஞ்சதும் கூப்பிடுற அணிகள்ல உனக்குப் பிடிச்ச இடத்தை நீயே பார்த்துப் போகலாம்."

அம்மா வானத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, காலையிலேர்ந்து கேட்டதை மறந்துடு. என் பிள்ளையை யாரும் எடுக்கக் கூடாது!"

அதன்பிறகு எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வேறொருவன் பெயர் வந்தால் கைதட்டினோம். பந்தை உதைக்க மட்டுமே வருகிற ஒருவனை ஓர் அணி எடுத்தபோது மாமா மேசையைக் குத்தியதில் சோளக்கதிர்கள் உருண்டன. கடைசிப் பெயரும் கீலனுடையதல்ல என்றதும் அம்மா மாமாவை இழுத்து ஆடத் தொடங்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மிஸஸ் குயிதிரி எட்டிப் பார்த்தார். "எடுத்துட்டாங்களா?"

"இல்ல! யாருமே எடுக்கல!" என்று கத்தினேன். அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

அணிகளிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. இப்போதுதான் கீலன் இறாலில் கை வைத்திருந்தான், விரலெல்லாம் மசாலா. நான்தான் கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா சொல்லிக்கொடுத்த ஒரே கேள்வியைத்தான் அவன் எல்லோரிடமும் கேட்டான்:

"கோச், உங்ககிட்ட எத்தனை ரன்னிங் பேக் இருக்காங்க?"

"அஞ்சு பேர், தம்பி. ஆனா போட்டி இருந்தாத்தானே..."

அம்மா தலையை ஆட்டினாள்.

"நாலு பேர்."

மறுபடியும் ஆட்டினாள்.

மூன்றாவது ஆள் வடக்கேயிருந்து பேசினார். ஏப்ரலிலும் அங்கே பனி கொட்டுமாம். "ரெண்டு பேர். ஒருத்தனுக்கு முட்டி சரியில்ல."

"போ!" என்று அம்மா சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

"உறைஞ்சு போயிடுவான் அக்கா," என்றார் மாமா.

"ஓடுற பையன் எப்படிடா உறைவான்?"

கீலன் சிரித்தான். "வர்றேன், கோச்."

மறுமுனைக்காரரும் சிரித்தார். "நல்லது. மத்தவங்களை விட்டுட்டு எங்களை ஏன் பிடிச்சுதுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

அதற்குள் அம்மா என் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கிவிட்டாள்.

"உங்ககிட்ட ஆளே இல்லையே, கண்ணு!"