கழுகுதான் என்று நினைத்தான்

கழுகு நீந்தும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பேன். என் தம்பி அதைக் கண்ணால் பார்த்துத் தொலைத்தான்.

குடிதண்ணீர் ஏரியில் அவனுக்குக் காவல் கோபுரத்தில் வேலை. என் வீட்டுக்காரருக்கு அங்கேயே படகில் போய்ப் பாசி அள்ளும் வேலை. தண்ணீரில் யாராவது தத்தளித்தால் தம்பி சைரன் அடிக்க வேண்டும். எல்லாப் படகும் ஓடும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், நடுத்தண்ணீரில் கறுப்பாக இரண்டு கை அடிப்பதைப் பார்த்துச் சைரனை அலறவிட்டான். பதறிப்போய்ப் பார்த்தால் ஒரு கழுகு. தூக்க முடியாத மீனைப் பிடித்துவிட்டு, விடவும் மனமில்லாமல், இறக்கையைத் துடுப்பாகப் போட்டுக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. தம்பியின் மானம் கப்பலேறியது.

"ஏன் மாப்ள, அதுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கவா எங்களக் கூப்பிட்ட?" என்று என் வீட்டுக்காரர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஓட்டுவார். அவனும் சிரிப்பான். அதன்பிறகு கழுகு தண்ணீரில் இறங்கினால் சைரன் பக்கமே போவதில்லை.

போன மாதம், வெயிலில் ஏரி கண்ணைக் கூசவைத்த மத்தியானம், அதே மாதிரி ஏதோ கறுப்பாக அடித்துக்கொண்டு கரையைப் பார்த்து வந்ததாம். கழுகுதான் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். நாணலுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த படகு அவன் கண்ணில் படவில்லை. நீந்தி வந்தது என் வீட்டுக்காரர். பிணமாக வெளியே எடுத்தபோது காலில் பாசி சுற்றியிருந்தது.

அன்றோடு தம்பியைத் தலைமுழுகினேன். அப்பா அம்மா போனபின் எனக்கென்று இருந்த ஒரே உடன்பிறப்பு அவன். இருந்தாலும் வயிறு எரிகிறதே, என்ன செய்ய? தினமும் வந்து வாசலில் நிற்பான். கதவைச் சாத்திவிடுவேன்.

"பாவம், அவன் வேணும்னா செஞ்சான்?" என்று பக்கத்து வீட்டு அக்கா பரிந்துகொண்டு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரு. நீங்க பேசுவீங்க," என்றேன்.

நேற்றும் வந்தான். துரும்பாக இளைத்திருந்தான். "அக்கா" என்றான். சாத்தத்தான் கதவில் கை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தவன் இவன் ஒருவன்தான். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

"உள்ள வா. அவரு எவ்ளோ தூரம் நீந்துனாரு?"

"ரொம்ப தூரம்க்கா. நேரா கரைக்குத்தான் வந்துக்கிட்டிருந்தாரு. ஒரு தடவகூட நிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் காணோம். பறந்து போயிருக்கும்னு நெனச்சேன்."

தாங்க முடியாமல் அழுதேன். அவனும் அழுதான். கொஞ்சநேரம் கழித்து, திரும்பவும் சொல்லச் சொன்னேன், அவர் கரைக்கு வந்துகொண்டிருந்தது வரைக்கும் மட்டும்.