பிஞ்சுமுடி சாய்ந்த திக்கு

ஈஸ்டர் ஞாயிறன்று மவுண்ட் ஹெப்ரோன் சபையில் ஆர்னெட்டா தனியாகப் பாட எழுந்தபோது, பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்ற வெர்லீனின் நெற்றியோரத்துப் பிஞ்சுமுடி மொத்தமும் எழுந்து நின்று, ஆர்னெட்டா இருந்த பக்கமாகச் சாய்ந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி அந்த வாரம் பழுது. ஆர்னெட்டா பாடிக்கொண்டே மேடையின் மறுகோடிக்கு நடந்தாள், முடியும் அவளோடு திரும்பியது. சபையார் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பாட்டு முடிந்ததும் ஆமென் சொன்னார்கள், பிறகு பின்கூடத்துக்குப் போய்ப் பொரித்த கோழி சாப்பிட்டார்கள். சபைப் பெண்களில் மூத்தவளான சிஸ்டர் டூலி மட்டும் தட்டோடு வெர்லீனின் தாயிடம் வந்து நின்றாள். "ஓபல், உன் பொண்ணோட நெத்திமுடி ஆர்னெட்டாவக் கைகாட்டுது, பாத்தியா?" என்றாள். "பாத்தேன், பாத்தேன். நம்ம மொபீல் ஊரு ஈரக்காத்துக்கு யார் முடிதான் அடங்குது?" என்றாள் ஓபல். ஈரக்காற்று முடியைக் கிளப்பும், ஆனால் ஆள் பார்த்துச் சாய்க்காது என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

ஆர்னெட்டா ஓபலின் அக்கா மகள். தாய் இறந்ததும் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள், அப்போது இரண்டு சிறுமிகளுக்கும் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. சன்னலோரக் கட்டில் அவளுக்குப் போனது. கோழியின் தொடைக்கறி அவளுக்குப் போனது. சனிக்கிழமை மாலை, சுருட்டைமுடியை நேராக்க அடுப்பில் சுட்ட இரும்புச் சீப்பால் தலை வாரும்போது, சூடு பதமாக இருக்கையில் அவளுக்கு முதலில் வாரி முடித்து, கை ஓய்ந்தபின்தான் ஓபல் பெற்ற மகளைக் கூப்பிடுவாள். வெர்லீன் வாய் திறந்தால், "தாயில்லாப் பிள்ளைடி" என்ற ஒரே பதில் வரும். தனக்குத் தாய் இருப்பதுதான் தான் செய்த குற்றமோ என்று வெர்லீன் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு ஆர்னெட்டாவுக்குக் குரல் வாய்த்தது. அதைவிடப் பொறுக்க முடியாதது அவளுடைய நெற்றியோரம். அவர்கள் குடியிருந்த அவென்யூ தெருப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் முடியோடு மல்லுக்கட்டித் தோற்பார்கள். ஆர்னெட்டாவின் பிஞ்சுமுடியோ வளைவு வளைவாகப் படிந்து, கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரி மாதிரி, மழை பெய்தாலும் அழுதாலும் அசையாமல் கிடக்கும்.

வெர்லீன் முயலாத வழியில்லை. கடையில் விற்ற ஜெல் எல்லாவற்றையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தடவிப் பார்த்தாள். முட்டை வெள்ளைக்கரு பூசினாள், ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடித்துப் பூசினாள், பட்டுத்துணியை நெற்றி வலிக்க இறுக்கிக் கட்டினாள். முடி துணியை நெம்பித் தள்ளிக்கொண்டு வந்தது. ஒருமுறை சவரக்கத்தியால் மழித்துவிட்டுச் சபைக்குப் போனாள், பிரசங்கம் முடிவதற்குள் வளர்ந்து எழுந்துவிட்டது. பொய்முடி வைத்தபோது அது பானை மூடி மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அதை அடக்க முடிந்தது ஒரே ஒரு விரலால்தான், அது ஆர்னெட்டாவின் விரல். முடி அவளையே நோக்கிப் போவதால், அவள் விரல் நெற்றியில் வளைந்த இடமெல்லாம் அதுவும் வளைந்து படிந்தது. ஆகவே ஒவ்வொரு ஞாயிறு காலையும் வெர்லீன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, தான் பொறாமைப்படுகிறவளிடமே தலையைக் கொடுத்தாள்.

"அசையாதடி."

"நான் எங்க அசைஞ்சேன்? நீதான் அழுத்துற."

"அழுத்தாம உன் முடி அடங்குமா? என்னப் பாத்து ஏன்டி இப்படி எழுந்துக்குது? என்கிட்ட என்ன இருக்கு?"

முடி படிந்ததும் வெர்லீன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த வேலை சபை வாசல்வரைதான் தாங்கும்.

நாளடைவில் அக்கம்பக்கம் அதற்குப் பழகிவிட்டது. வேறு யாரையாவது பார்த்தும் முடி கொஞ்சம் அசைவதுண்டு, அதனால் புதுத் தொப்பி வாங்கிய பெண்கள் வெர்லீன் வீட்டு முன்வராந்தாவைக் கடந்து மெதுவாக நடப்பார்கள். முடி தங்கள் பக்கம் சாய்ந்தால் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷம். சாயாவிட்டால் தொப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிஸ்டர் டூலி தன் மகன் டாக்டரான செய்தியைத் தானே வந்து சொன்னாள், வெர்லீனின் முடி அசையவில்லை. சிஸ்டர் டூலி அவளோடு பேச்சை நிறுத்தினாள்.

துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டிய ஆல்டன் வெர்லீனைக் கல்யாணம் செய்துகொண்டான். அதிகம் பேசாதவன், பேசினால் சிரிப்பு வரும்படி பேசுகிறவன். அதே வருடம் ஆர்னெட்டா பாட்டை நம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டாள். வெர்லீன் நிம்மதியாக மூச்சுவிட்டாள். ஆனால் முடி மேற்கே சாய்ந்து நின்றது, நியூ ஆர்லியன்ஸ் அந்தப் பக்கம்தான். பிறகு இன்னும் கொஞ்சம் திரும்பியது, ஹூஸ்டனில் பாடுகிறாள் என்று தொலைபேசியில் செய்தி வந்தது. அதன்பின் சபையார் தொலைபேசிக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள். ஞாயிறு காலை வெர்லீனின் நெற்றியைப் பார்த்து, "வடக்கே போயிருக்கா, சிகாகோவா இருக்கும்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். வருடங்கள் இப்படிப் போயின. வெர்லீனுக்குக் குழந்தை இல்லை. தோட்டத்தில் தக்காளி நன்றாக வந்தது. வீட்டுக்குள் எந்த மூலையில் நின்றாலும் நெற்றி அவளைக் கேட்காமலே ஊரும் பேரும் காட்டிக்கொண்டிருந்தது, அதனால் ஒரு நாள்கூட அவளால் ஆர்னெட்டாவை மறந்திருக்க முடியவில்லை.

ஓபல் படுத்த படுக்கையானபோது இரவும் பகலும் பார்த்தவள் வெர்லீன். கடைசிக் காலையில் கண்ணைத் திறந்த ஓபல், "நெட்டா வந்துட்டாளா?" என்று கேட்டாள். "நான் இருக்கேம்மா" என்றாள் வெர்லீன். "நீ இருப்ப, தெரியும். நெட்டா வந்துட்டாளா?" என்றாள் ஓபல். தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகளின் நெற்றியில் முடி எழுந்து நின்றது, தாய் போனபின்னும் படியவில்லை. ஆர்னெட்டா அடக்கத்துக்கு வந்து பாடினாள். சபை முழுக்க அழுதது. அவள் நெற்றியோரம் வழக்கம்போல வரி கலையாமல் இருந்தது. மறுநாளே கிளம்பிவிட்டாள்.

அதன்பின் அவள் கூப்பிடுவது குறைந்தது, ஒரு கட்டத்தில் நின்றே போனது. எண்ணைச் சுழற்றினால் வேறு யாரோ எடுத்தார்கள். பனிக்காலக் கடைசியில் மார்டி கிரா திருவிழா ஊர்வலம் வந்து போனது, பிறகு வசந்தமும் வந்தது, எந்தச் செய்தியும் இல்லை. முடி மட்டும் வடமேற்கைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. "உயிரோடதான் இருக்கா. செத்தவங்க மேல யாருக்குப் பொறாம வரும்?" என்றான் ஆல்டன். ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டு வாசலில் நிறுத்தினான். வெர்லீன் வரமாட்டேன் என்றாள். அவளுக்கு நான் எதற்கு, ஊர் முழுக்க அவளுக்கு ஆள் இருக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டே ரொட்டியும் பொரித்த மீனும் கட்டினாள்.

மெரிடியன் ஊரைத் தாண்டியதும் முடி இடப்பக்கம் திரும்பியது, வண்டியும் திரும்பியது. பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஆல்டன் மனைவியின் நெற்றியைப் பார்த்துத்தான் ஓட்டினான். இப்படியே மெம்ஃபிஸ் வந்து சேர்ந்தார்கள். ஆற்றுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு வீட்டை நோக்கி முடி நேராகச் சாய்ந்தது, அந்த வீடுதான் என்று நினைத்துக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரம்மாள் கதவைப் பாதி திறந்தாள்.

"ஆர்னெட்டாவா? இங்கதாம்மா இருந்தா, போன மாசம் காலி பண்ணிட்டா. அடுத்த தெருப்பக்கம் எங்கயோதான் போயிருக்கா, எந்த வீடுன்னு தெரியல. பாவம், தொண்டைய அறுத்து ஆப்பரேஷன் பண்ணிட்டாங்க. குரல் போச்சு. ஒரு நாளு என்கிட்ட காப்பி வேணும்னு சொல்ல வந்தா, காத்துதான் வந்துச்சு. இந்தப் படியிலதான் உக்காந்து அழுதா."

வெர்லீனின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அதே நேரம் அவள் நெற்றியில் இருந்த முடி முழுவதும் படிந்தது. எந்த ஜெல்லும் எந்தத் துணியும் செய்யாததை, குரல் போச்சு என்ற அந்த ஒரு சொல் செய்தது. மெம்ஃபிஸ் நகரத்திலேயே அன்று அத்தனை அழகாகப் படிந்த நெற்றி வேறு யாருக்கும் இல்லை. திக்குச் சொல்லத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த தெரு என்று தொடங்கி அதற்கடுத்த தெரு, அதற்குமப்பால் என்று சுற்றினார்கள். கதவு கதவாகத் தட்டினார்கள், யாருக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் பொறாமப்படேன்" என்றான் ஆல்டன், வண்டியை ஓரமாக நிறுத்தி.

"முடியல ஆல்டன். குரல் போச்சாம். அவகிட்ட வேற என்ன இருந்துச்சு?"

"அந்த ஈஸ்டர் பாட்ட நெனச்சுப் பாரு."

"நெனச்சேன். அழுகதான் வருது."

"உங்கம்மா கடைசியா கேட்டது?"

"அம்மா பாவம். அவளும் பாவம்."

ஆல்டன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "உன்ன டான்ஸுக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, அந்த வருஷ மார்டி கிரா டான்ஸுக்கு, நான் நெட்டாவத்தான் கூப்பிட்டேன்" என்றான்.

"என்ன சொன்ன?"

"மஞ்ச கவுன் போட்டிருந்தா. வரமாட்டேன்னுட்டா. அப்புறம்தான் உங்கிட்ட வந்தேன்."

முடி எழுந்த வேகத்தில் வண்டியின் முன்கண்ணாடியில் போய்ப் பட்டது. பட்ட சத்தம் ஆல்டனுக்கும் கேட்டது. "வலப்பக்கம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். அடுத்த வளைவுவரை அவள் அவனைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுதுவதற்கில்லை. அவன் சொன்னது உண்மையா பொய்யா என்பதை அவள் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள், சாகும்வரை அவன் சொல்லவே இல்லை.

துணி வெளுக்கும் கடை ஒன்றின் மாடியில், பச்சைக் கதவுக்கு முன்னால் முடி நின்றது. வெர்லீன் தட்டாமலே திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆர்னெட்டாவின் தலையில் துணி இல்லை, நெற்றியில் ஜெல் இல்லை. முன்பக்கத்தில் பாதி வழுக்கையாகிவிட்டது. மிச்சமிருந்த பிஞ்சுமுடி அத்தனையும் எழுந்து நின்று கதவை நோக்கிச் சாய்ந்திருந்தது. வெர்லீன் ஓர் அடி இடப்பக்கம் வைத்தாள். முடியும் இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள். அங்கும் வந்தது.

"காலையிலேருந்து தெக்க பாத்து நின்னுட்டிருந்துச்சு. மதியத்துக்கு மேல பின்னாடியும் முன்னாடியும் அலையுது. நீ வர்றேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் ஆர்னெட்டா. குரல் இல்லை, மூச்சுதான் சொல்லாக வந்தது.

"எப்பத்திலேருந்துடி?"

"சித்தி வீட்டுக்கு வந்த நாளுலேருந்து. உனக்கு அம்மா இருந்தா. சித்தி உன்ன அடிப்பா. என்ன ஒரு நாளாவது அடிச்சாளா? விருந்தாளிய யாரு அடிப்பா? உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. சாப்பாட்டு மேசைல அந்த மூக்கையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

"உன் முடி ஒரு நாளும் எழுந்திரிக்கலையே."

"எழுந்திரிக்காம இருக்க நான் என்ன பாடு பட்டேன்னு உனக்கு எங்க தெரியும்? நீங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி எழுந்து பூசுவேன், காயும், மேல திரும்பவும் பூசுவேன், கட்டுவேன். என் முன்மண்ட முடி பாதி அதுலயே போச்சு. ஒண்ட வந்த எடத்துல பொறாமப்பட எனக்கு உரிம இருந்துச்சா? நீ வீட்டுக்குச் சொந்தக்காரி, உன் முடி நிக்கலாம்."

வெர்லீன் கதவைச் சாத்தினாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். "ஆல்டன் கீழ நிக்கிறான். டான்ஸுக்கு உன்ன முதல்ல கூப்பிட்டானா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். ஆர்னெட்டா சிரித்தாள், சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

ஆர்னெட்டா மொபீலில் பின்னறையில் தங்கினாள். குரல் திரும்பவில்லை. அவள் கிசுகிசுவென்று ஏதாவது சொன்னால், அதைக் கேட்கச் சபையே பாட்டை நிறுத்திக் காது கொடுத்தது. தொண்டை நரம்பு புடைக்கத் தான் பாடியபோது திரும்பிப் பார்க்காதவர்கள் இவளுடைய காற்றுக்குக் குனிகிறார்களே என்று வெர்லீனுக்கு வயிறு எரிந்தது. ஆல்டன் காலையில் வெர்லீனுக்காகவே வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பதைப் பின்னறைச் சன்னலிலிருந்து பார்த்து ஆர்னெட்டாவுக்கும் எரிந்தது. ஜெல்லை இருவரும் விட்டுவிட்டார்கள். ஞாயிறுதோறும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள், இருபுறமிருந்தும் முடி ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நின்றது. நடுவில் உட்காருபவர்களுக்குக் கன்னம் கூசும் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள், பையும் விசிறியும் வைக்க வசதியாக இருந்தது. புதிதாகச் சபைக்கு வருகிறவர்கள் விசாரித்தால், அவர்கள் அக்கா தங்கச்சி என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள்.