கட்டுப் பாட்டு

கிதார் உறையின் ஜிப் சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மிளகாய் போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டாள். ஆறு வயசு. வாய்க் காரத்துக்காக வீட்டில் வைத்த பேர் அது.

"போச்சு, வந்துட்டாங்க."

"யாரும்மா?" என்றார் அப்பா.

"பாட்டு டீச்சர். பின்னாடியே மருந்து வண்டி வரும் பாரு."

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெந்நீர் கொட்டின காலில் ஒவ்வொரு தடவை கட்டு மாற்றும்போதும், வலி தெரியாமல் இருக்கட்டும் என்று, வார்டுப் பிள்ளைகளுக்குப் பாட வருகிற டீச்சர் அதே நிலாப் பாட்டைத்தான் பாடினார். வலி மறந்தபாடில்லை, பாட்டைக் கண்டுதான் பிள்ளை பயந்துபோயிற்று. நேற்று தரை துடைக்கிறவர் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதற்கே வார்டு அதிர அழுதாள்.

இன்றைக்கும் அவள் காலை உதறினால் அப்பாதான் அமுக்கிப் பிடிக்கணும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். போன தடவை அந்தக் கையால் முட்டியை அமுக்கியதற்கு மகள் ஒரு நாள் பூராவும் அவரோடு பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். எத்தனை மூட்டை வேண்டுமானாலும் தூக்கலாம், இது இன்னொரு தடவை தன்னால் ஆகாது என்று இருந்தது அவருக்கு.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பாட்டுதான் இவளுக்கு இப்ப ஊசி."

டீச்சர் கொஞ்சம் திகைத்துவிட்டு, "எங்க வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க," என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "சரி, இன்னிக்கு நான் பாடல. நீ பாடு."

"எனக்குப் பாட வராது."

"திட்ட வருமா?"

போர்வை மூக்கு வரைக்கும் இறங்கியது. "யாரை?"

"சிஸ்டரை. நீ பாடுற வரைக்கும் அவங்க கை ஓடும். நீ நிறுத்தினா அவங்களும் நிறுத்தணும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர் நின்றார். "நல்லா இருக்கே. என் வேலைக்கு இவ மேஸ்திரியா?"

"ஆமா," என்றாள் மிளகாய்.

டீச்சர் கிதாரை மெல்லத் தட்டினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சிஸ்டர் மூக்கு சின்ன மூக்கு
சிடுசிடுன்னு சிவந்த மூக்கு..."

சட்டென்று நிறுத்தினாள். கட்டுத் துணியோடு சிஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. மறுபடி பாடினாள், கை ஓடியது. நிறுத்தினாள், நின்றது.

"சும்மா சும்மா நிறுத்தக் கூடாது," என்றார் சிஸ்டர்.

"வார்த்தை யோசிக்கிறேன்ல."

சிஸ்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"மிளகாய் வாயி பெரிய வாயி
பொழுதுபூரா மூடா வாயி..."

பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசித் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. அதை நனைத்து லேசாக இழுத்தார் சிஸ்டர். மிளகாய் பாட்டை நிறுத்தினாள், கண்ணில் நீர் முட்டியது. சொன்ன சொல் தவறாமல் கை நின்றது.

அப்பாவின் கை தன்னால் முட்டிப் பக்கம் போயிற்று. அவள் அந்தக் கையை ஒரு முறை முறைத்தாள். அப்பா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"உன்னையும் திட்டணும்," என்றாள் மூக்கை உறிஞ்சி.

"திட்டுடி ராசாத்தி."

"அப்பா கையி இரும்புக் கையி..."

அதற்குமேல் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். ஜென்மத்தில் பாடியறியாத மனுஷன், மூட்டை இறக்குகிற குரலில் எடுத்துக் கொடுத்தார்:

"அடுத்த தடவை அமுக்கா கையி."

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"குரல் நல்லால்ல," என்றாள். "ஆனா பாட்டு பரவால்ல. நிறுத்தாம பாடு." அப்புறம் சிஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க வேலையப் பாருங்க," என்றாள்.

அப்பா பாடிக்கொண்டே இருந்தார். துணி வந்துவிட்டது. கால் அசையவில்லை.