முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போன பாட்டு

மதியம் ஒன்று நாற்பதுக்குத் திரை சிவந்தது.

'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. காரணம்: பாடல்களைச் சட்டவிரோதமாகப் பகிர்ந்தது.'

கடுகு மறுபடி பாஸ்வேர்டைத் தட்டினாள். அதே சிவப்பு. ஆள் குள்ளம், கோபம் வந்தால் படபடவென்று வெடிப்பாள் என்பதால் விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் அது. இப்போது வெடிக்கவும் நேரமில்லை. இறுதியாண்டு புராஜெக்ட்டை மாலை ஐந்துக்குள் கல்லூரித் தளத்தில் ஏற்றியாக வேண்டும். தளம் கல்லூரி நெட்வொர்க்கில் மட்டும்தான் திறக்கும். குழுத் தலைவியின் கணக்கிலிருந்து மட்டும்தான் ஏறும். தலைவி அவள்தான். ஒரு நிமிடம் தாண்டினாலும் இந்த வருடம் பட்டம் கிடையாது.

வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

இதில் கொடுமை என்னவென்றால், கடுகு பாட்டே கேட்க மாட்டாள். பக்கத்து அறையில் பாட்டு ஓடினால் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிற ரகம்.

நெட்வொர்க் அலுவலகம் நூலகத்துக்கு அடியில் இருந்தது. இயந்திரங்களுக்காக வைத்த ஏ.சி.யில் அதிகாரி ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு மட்டும் பதினோரு பேர் வந்தாச்சு. ஒருத்தர்கூட பண்ணலையாம்" என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"சார், சத்தியமா நான் பாட்டே கேக்க மாட்டேன் சார்."

"கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம்மா. ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்களே."

திரையை அவள் பக்கம் திருப்பினார். ஓர் இசை நிறுவனம் அனுப்பிய புகார். இன்னும் வெளிவராத ஆல்பம். மூன்று வாரத்தில் அவள் கணக்கிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போயிருந்தது.

மூன்று வாரம்! கடுகுக்குப் புரிந்துவிட்டது. விடுதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று இணையத்துக்கு அளவு உண்டு. தீர்ந்துபோனவர்கள், மிச்சம் வைத்திருப்பவர்களின் பாஸ்வேர்டைக் கைமாற்றாக வாங்கிக்கொள்வார்கள். பாட்டுக் கேட்காத கடுகிடம் தினமும் மிச்சம் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் அதை வாங்கியவள் ரேடியோ. எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் அறைத்தோழி. புராஜெக்ட்டில் அவளுடைய ஒரே கூட்டாளியும் அவள்தான்.

"இப்ப நான் என்ன சார் பண்ணணும்?"

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். அதில் இரண்டு கட்டங்கள். 'நானே செய்தேன்.' 'வேறொருவர் செய்தார்.'

"முதல் கட்டம்னா ஒரு மணி நேரப் பாடம், பத்து கேள்வி, கணக்கைத் திறந்துடுவோம். கம்பெனி கேஸ் போட்டா உங்க பேரைக் குடுப்போம். ரெண்டாவதுன்னா விசாரணை. மூணு வேலை நாள். அதுவரைக்கும் ரெண்டு பேர் கணக்கும் மூடித்தான் இருக்கும்."

"அப்ப உண்மைக்கு மூணு நாள், பொய்க்கு ஒரு மணி நேரமா சார்?"

"படிவம் நான் அடிச்சதில்லம்மா."

ரேடியோ, கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் பிரதிக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கடுகு ஓடி வந்த வேகத்தில் கடைக்காரர் பஞ்ச் மெஷினைத் தள்ளி வைத்தார்.

"ஏன்டி, என் பாஸ்வேர்டுல என்னத்தடி இறக்கின?"

"ஒண்ணே ஒண்ணுடி. நான் கேக்கறதுக்கு மட்டும்தான். யாருக்கும் குடுக்கல. அம்மாமேல சத்தியம்."

கடுகு அவள் லேப்டாப்பைப் பிடுங்கித் திறந்தாள். மூலையில் குட்டியாக ஒரு படம். அதை அழுத்தியதும் பட்டியல் விரிந்தது. இறங்கியது: ஒன்று. ஏறியது: முந்நூற்றுப் பன்னிரண்டு.

"நீ எடுத்ததை இது தானாவே ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு இருக்கும். லேப்டாப்பைத் திறக்கறப்பல்லாம், என் பேர்ல. நாலு வருஷமா கம்ப்யூட்டர் படிக்கிற, இதுகூடவாடி தெரியாது?"

"அந்த பேப்பர்ல எனக்கு அரியர்டி."

கடைக்காரர் சிரித்தார். கடுகு திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் இப்பவே போய் நான்தான்னு சொல்லிடறேன்" என்று ரேடியோ மூக்கை உறிஞ்சினாள்.

"சொல்லு. மூணு நாள் விசாரணை. ரெண்டு பேரும் அடுத்த வருஷம் இதே கடையில வந்து அட்டை போடலாம். அழுது தொலைக்காதடி, தாள் நனையுது."

மூன்று ஐந்துக்கு, 'நானே செய்தேன்' என்ற கட்டத்தில் கடுகு டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

"பாடத்தை எங்க சார் பார்க்கறது?"

"உங்க கணக்குல."

"அதைத்தான் மூடிட்டீங்களே!"

"அதுக்குத்தான் அந்த கம்ப்யூட்டர்" என்று மூலையைக் காட்டினார். அங்கே ஒரு முதுகலை மாணவர் கொட்டாவி விட்டபடி அதே பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இருபது நிமிடம் பாக்கி.

மூன்று முப்பதுக்குத்தான் நாற்காலி கிடைத்தது. பாடத்தை வேகமாக ஓட்டிவிட முடியாது. கண்ணை வேறு பக்கம் திருப்பினால் நின்றுவிடும். பாட்டுத் திருட்டு பற்றிய பாடத்துக்குப் பின்னணியில் இசை வேறு! அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"என்னம்மா, பாட்டுச் சத்தம் கேக்குது? இன்னிக்கு ஏதோ குடுக்கணும்னியே?"

"அம்மா, நான் அப்புறம் பேசறேன்."

"ஜாலியா இருக்க போல."

நாலு இருபதுக்குக் கதவு படாரென்று திறந்தது. ரேடியோ. கண்கள் சிவந்து, மனசாட்சி முழுசாக விழித்துக்கொண்ட முகம்.

"சார், என்னால தாங்க முடியல. நான் ஒரு உண்மையை..."

கடுகு பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினாள். பின்னால் பாடம் நின்றுவிட்டது.

"யாரும்மா அது? என்ன சொல்ல வந்தாங்க?" என்றார் அதிகாரி.

"அட்டை நீலத்துல கிடைக்கலையாம் சார். அதுக்கு அழுவுறா." ரேடியோவை வெளியே தள்ளி, காதில் சீறினாள்: "அஞ்சு மணிக்கு அப்புறம் எவ்வளவு நேர்மையா வேணா இருடி. இப்ப போ!"

நாலு நாற்பத்தாறுக்குப் பத்தாவது கேள்வி. நாற்பத்தொன்பதுக்குக் கணக்கு திறந்தது. கோப்பு ஏற ஆரம்பித்தது. எழுபது சதவீதத்தில் அசையாமல் நின்றது. கடுகு மூச்சை அடக்கினாள். நகர்ந்தது. நாலு ஐம்பத்தேழுக்கு, 'பெறப்பட்டது' என்று பச்சையில் வந்தது.

வெளியே படிக்கட்டில் ரேடியோ கட்டிப்பிடிக்க வந்தாள். கடுகு விலகிக்கொண்டாள்.

"எழுதிக் குடு."

"அதான் போயிடுச்சேடி. முதல் தப்புதானே, கம்பெனியெல்லாம் எங்க கேஸ் போடப் போறான்? இப்ப போய் எதுக்கு..."

"நாலு இருபதுக்கு உன்னால தாங்க முடியலைன்னியே. இப்ப தாங்குதா?"

ரேடியோ படியில் உட்கார்ந்தாள். கடுகு ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து அவள் மடியில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். இரண்டு தாள் கசங்கியது. மூன்றாவதில் ரேடியோ எழுதினாள்: நான்தான் இறக்கினேன், அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பதுக்கு இருவரும் போனார்கள். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்ல காரியம். விசாரணைக்கு அனுப்பிடறேன்" என்று முத்திரை குத்தினார். பிறகு இழுப்பறையைத் திறந்து கடுகின் பக்கம் ஒரு புதுப் படிவத்தைத் தள்ளினார்.

"இது எதுக்கு சார்?"

"நேத்து நீங்க கையெழுத்துப் போட்டது பொய்னு ஆயிடுச்சே. பொய் வாக்குமூலத்துக்குத் தனி."

கடுகு அவரைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். வெடிக்கத் தெம்பில்லை. பெயர், வகுப்பு, அறை எண் எல்லாம் நிரப்பினாள். கடைசியில், 'பொய் சொன்னதற்கான காரணம்' என்று போட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.

'மாலை ஐந்து மணி' என்று எழுதி, மிச்ச இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.