அப்பா கேட்ட நகல்

அப்பாவின் குறுவாளுக்கு ஒரு நல்ல நகல் தேடி நான்கு மாதம் நாயாக அலைந்தேன். அவருடைய தாத்தா பட்டாளத்தில் இருந்தபோது இடுப்பில் கட்டியிருந்த வாள் அது. பித்தளைக் கைப்பிடி, ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளமான அலகு. அதைத் தம்பியின் புது வீட்டுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவாகிவிட்டது. எங்கள் கூடத்துச் சுவரும் காலியாக இருக்கக் கூடாதாம், அதனால் நகல். ஒன்பது வருடமாக அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்பவள் நான். வருடத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கிற தம்பிக்கு அசல். வயிறு எரிந்தது, இருந்தாலும் தேடினேன்.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் சாமான் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. கடையில் நாற்பது வாள் இருந்தும் ஒன்றுகூட பக்கத்தில் வைத்துப் பார்க்க லாயக்கில்லை. வெளியே வாங்கிய முதல் வாள் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளத்தது. இரண்டாவதன் கைப்பிடி நுனியில் நட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள்.

"உன் கொள்ளுத்தாத்தா ஸ்பானரோடயா சண்டைக்குப் போனாரு?" என்றார் அப்பா.

மூன்றாவதை இரண்டு விரல்மேல் நிறுத்திப் பார்த்தார். அது நிற்காமல் குப்புற விழுந்தது. "டூப்ளிகேட்லயே பொழப்பு நடத்துறா, ஒரு நல்ல டூப்ளிகேட் தேடத் துப்பில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

கடைசியில் குழாய் வால்வு வார்க்கும் பட்டறைக்காரர் ஒருவர் கிடைத்தார். அசல் கைப்பிடியை அச்செடுத்து வார்த்தார். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து அலகு செய்தார். உப்புத்தண்ணீர் தெளித்த மரத்தூளில் பத்து நாள் புதைத்துத் துருப்பிடிக்க வைத்தார். அசலின் விளிம்பில் எங்கே சில்லு பெயர்ந்திருந்ததோ அங்கேயே இதிலும் ஒரு சில்லு பெயர்த்தார். அலகின் அடித்தண்டு கைப்பிடிக்குள் போய் மறுபக்கம் வந்ததும், அதன் முனையைப் பழைய முறைப்படி கழலாதபடி தட்டி மழுக்கிவிட்டார். அதற்கு முன் தண்டில் மூன்று புள்ளி குத்தினார்.

"நாளைக்கு எவனும் இத அசல்னு ஏமாத்தக் கூடாதும்மா. ஆனா முனைய அறுத்துக் கைப்பிடியக் கழட்டினாத்தான் புள்ளி தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். மேசைமேல் இரண்டு வாளும் கிடந்தன. புள்ளி விஷயத்தையும் சொன்னேன். அப்பா அசலை எடுத்துத் தம்பி மடியில் வைத்தார்.

"அக்காவுக்கு ஒண்ணுமில்லையாப்பா?" என்று தம்பி கண்ணடித்தான்.

"அவளுக்கு எதுக்குடா வாளு? வெங்காயம் நறுக்கக் கத்தி இருக்குல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"போன வாரம் எண்ணெய் போடறப்ப ரெண்டையும் மாத்திட்டேன். உன் மடில இருக்கிறதுதான் நகல்" என்றேன். வடிகட்டின பொய்.

அப்பா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எடை பார்த்தார், கைமாற்றினார், தடவினார், முகர்ந்தார். ஒரு நிமிடத்துக்கு முன் தெரிந்தது இப்போது தெரியவில்லை.

"நெஜமா மாத்தினியா?"

"அறுபது வருஷம் தொடச்ச கை. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"கைப்பிடியக் கழட்டிப் பாத்துடலாம்ப்பா" என்றான் தம்பி.

"அசல அறுத்தா அதோட போச்சுடா."

"நகல அறுப்போம். எதுன்னு சொல்லுங்க."

மகன் முன்னால் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒன்றின் மேல் விரலை வைத்தார். "இதுதான் நகல். சந்தேகமே இல்ல."

அது அசல். அவர் கைமாற்றியபோது நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பி என் கருவிப்பெட்டியிலிருந்து ஆக்சா பிளேடை எடுத்துவந்து அறுக்கும் வரை பேசாமல் நின்றேன்.

கைப்பிடி கழன்றது. தண்டு வெறுமையாகக் கறுத்துக் கிடந்தது. அப்பா எச்சில் தொட்டுத் துடைத்தார், திருப்பினார், மறுபடி துடைத்தார். மூன்று புள்ளி வரவேயில்லை.

"மாத்தவே இல்லப்பா, சும்மா சொன்னேன்" என்றேன்.

தம்பி வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி முடித்ததும் மேசையைப் பார்த்தான். "செவுத்துல மாட்டத்தானே? எனக்கு முழுசா இருக்கிறதே போதும்" என்று நகலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்பாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை அப்பா கழன்ற கைப்பிடியையும் அலகையும் மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"கண்ணு, இதப் பழையபடி சேக்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அன்றுதான்.

பட்டறைக்காரருக்கு அது ஒரு மணி நேர வேலை.

"நாலு மாசம் அலைஞ்சவ சொல்றேன்ப்பா," என்றேன், "அப்படி யாருமே இல்ல."